ஆணி அடிக்க ஒரு வரைபடம்

ராணுவ முகாமில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டும். காலாட்படைக்காரர் என்றால் பூட்ஸைக் கழற்றி நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பீரங்கிப்படைக்காரர் அடித்தால் ஆணி பக்கத்துச் சுவரில் இறங்கும். இன்ஜினியர் படைக்காரரிடம் கொடுத்தாலோ, சுவரின் கனம், ஆணியின் நீளம், காலண்டரின் எடை எல்லாம் கணக்கிட்டு, வரைபடம் போட்டு, மேலதிகாரி கையெழுத்துக்கு அனுப்பிவைப்பார். கையெழுத்து வருவதற்குள் வருஷம் முடிந்துவிடும்.

இந்த மாதிரிச் சீண்டல் இல்லாத ராணுவம் ஏது? பிரிட்டனின் ராயல் இன்ஜினியர்ஸ் அதிகாரிகளைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: பைத்தியமாக இருப்பார், இல்லையென்றால் கல்யாணம் ஆனவராக இருப்பார், அதுவும் இல்லையென்றால் மெதடிஸ்ட் சபைக்காரர். மூன்றில் எது பெரிய குற்றம் என்று சொன்னவர்கள் விளக்கவில்லை.

கேலிக்குத் தீனி இல்லாமலும் இல்லை. ஓட்ஸ் பிஸ்கட்டும் சாக்லேட் பிரவுனியும் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் எழுதிவைத்த விதிமுறை 26 பக்கம்! டீ கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப்போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெட்ரோல் தகரத்தை வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி டீ போட்டார்கள். 'பெங்காசி பர்னர்' என்று அதற்குப் பெயர். தொல்லை என்னவென்றால், டாங்கியை விட்டு இறங்கினால்தான் டீ. இறங்கினவன் எதிரியின் குறிக்கு வாகாக நிற்பான். 1945-இல் வந்த சென்சூரியன் டாங்கியின் உள்ளேயே மின்சாரத்தில் வெந்நீர் போடும் பாத்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் உள்ளே உட்கார்ந்தபடி டீ குடித்தவன் சிரித்திருக்க மாட்டான்.

நம்மூர்க்காரர்களுக்கு வருவோம். 1780-இல் தொடங்கிய வரலாறு, நம் ராணுவத்தின் இன்ஜினியர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு. இருப்பிடம் பெங்களூர். மொழி தெரியாத வடநாட்டு அதிகாரியும் இந்தப் படையின் சிப்பாயைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். முள்கம்பி வேலியைத் தகர்க்க 1912-இல் அந்தப் படையின் கேப்டன் மெக்ளின்டாக் கண்டுபிடித்ததுதான் பெங்களூர் டார்பிடோ. பெயர்தான் பெரிது, பொருள் வெறும் குழாய். உள்ளே வெடிமருந்து. குழாயோடு குழாயைக் கோத்து வேலிக்கடியில் தள்ளிவிட்டு விலகிப் படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பெய்லி பாலமும் அதே சாதி. பிரிட்டிஷ் போர்த்துறையில் சிவிலியன் இன்ஜினியராக இருந்த டொனால்ட் பெய்லியின் யோசனை அது. 10 அடி நீளம், 5 அடி உயரச் சட்டம் ஒன்றை ஆறு பேர் தூக்கிவிடலாம். பின்னைச் செருகி அடுத்ததோடு இணைத்துக்கொண்டே போகலாம். கிரேனுக்குக் காத்திருக்க வேண்டாம். 2024-இல் வயநாடு நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் அங்கே 190 அடி பெய்லி பாலத்தை நிறுத்தியது இந்தத் தம்பிகள்தான். அவசரம் என்று வந்துவிட்டால் வளவளப்பே இல்லாத ஆட்கள் இவர்கள். 26 பக்கம் எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள் என்பது என் சந்தேகம்.

பாலம் கட்டிய கையோடு முகாமுக்குத் திரும்பினால், மெஸ்ஸில் குழாய் ஒழுகுகிறது, கொஞ்சம் பாருங்க தம்பி என்று ஒருவர் வாசலில் நிற்பார். பார்ப்பதில் சிரமமில்லை. வாஷர் வேண்டும், அதற்கு ஸ்டோருக்கு மூன்று பிரதியில் இன்டென்ட் போட வேண்டும்.