கூடத்துத் திரையும் குழந்தையின் நிறமும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி)

வீட்டு அலங்காரத்தைப் பற்றி இயற்பியல் மாணவி எழுதுவதா என்று தோழியர் நகைக்கக் கூடும். சென்ற ஆண்டு வரை நானும் நகைத்திருப்பேன். சன்னலுக்குத் திரை என்றால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையும் சாம்பலும் மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் உரியவை என்பதே அன்று என் கொள்கை. அதனை நான் கைவிட நேர்ந்த கதையையும், பின்னர் கற்றுக்கொண்ட சில செய்திகளையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அக்காளைத் தலைப்பிரசவத்திற்கு அழைத்து வந்தபோது, வீட்டை அழகுபடுத்தும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் கூடம் ஒன்றுதான் பெரிய அறை. வந்தவர்கள் அமர்வதும், நாங்கள் படிப்பதும், இரவில் பாய் விரிப்பதும் அங்கேதான். மேற்கு நோக்கி இரண்டு சன்னல்கள். கடைத்தெருவில் செவ்வந்தி நிறத்தில் மினுமினுக்கும் ‘ஸ்கிரீன் துணி’ ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. வாங்கித் தைத்து மாட்டினேன். மாலை வெயில் பட்டதும் கூடமே பொன்னொளியில் மிதந்தது. வளைகாப்புக்கு வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அரசு மருத்துவமனையில் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் வீட்டிற்கு அழைத்து வந்தோம். காற்றுப் பட்டுவிடும் என்று பாட்டி திரையை விலக்கவே விடவில்லை. பிள்ளை தங்க விக்கிரகம் போல இருக்கிறான் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னபோது அம்மாவுக்குப் பெருமை. அவன் பால் குடிப்பது குறைந்ததையும், எழுப்பினாலும் எழாமல் உறங்குவதையும் ‘சாதுப் பிள்ளை’ என்றே எடுத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் சுகாதாரச் செவிலியர் வந்தார். கூடத்தில் நுழைந்ததும் அவர் பார்த்தது பிள்ளையை அன்று, திரையைத்தான். “இந்த வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது பாட்டி, வெளியே கொண்டு வாருங்கள்” என்று கூறிப் பிள்ளையைத் திண்ணைக்கு எடுத்துச் சென்றார். நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் எலுமிச்சம்பழத் தோல் போலிருந்தது. கண்ணின் வெள்ளை விழியிலும் மஞ்சள். காலை அழுத்தினால் காலிலும் மஞ்சள். “இப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்” என்றார். ஆட்டோவில் ஏறும்போது அக்காளின் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிறந்த குழந்தைகள் பலருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் நிறம் தோன்றுவது உண்டு. பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருளை வெளியேற்றும் திறன் குழந்தையின் கல்லீரலுக்கு உடனே வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அது தானே தணிந்துவிடும். ஆனால் அளவு மிக உயர்ந்துவிட்டால் மூளையைத் தாக்கி நிலையான ஊனத்தை உண்டாக்கக் கூடும். முகத்தில் தொடங்கி வயிறு, கால் என்று மஞ்சள் கீழிறங்குவது அளவு கூடுவதற்கு அடையாளம். உறுதி செய்வது இரத்தப் பரிசோதனை. என்றாலும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று முதலில் கண்டுகொள்ள வேண்டியது வீட்டாரின் கண்தானே!

எங்கள் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை? இங்கேதான் ஒளியியல் வகுப்பு எனக்குக் கைகொடுத்தது. வெள்ளைப் பொருள் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் பொருளோ நீலத்தை விழுங்கிவிட்டு மற்றவற்றை அனுப்புகிறது. ஆக, மஞ்சளையும் வெள்ளையையும் வேறுபடுத்திக் காட்டுவது நீல ஒளி ஒன்றுதான். என் செவ்வந்தித் திரை அந்த நீலத்தைச் சன்னலிலேயே தடுத்துவிட்டது. நீலமே இல்லாத அறையில் பிள்ளையின் தோலும் தலைமாட்டில் கிடந்த வெள்ளைத் துண்டும் ஒரே சாயலில்தான் இருந்தன. சற்று நேரம் இருந்தால் கண்ணும் அந்த ஒளிக்குப் பழகி, துண்டை வெள்ளை என்றே நம்பத் தொடங்கிவிடும். நாங்கள் ஐந்து பேர் பார்த்தும் ஒருவர்கூடக் காணாமற்போனதன் காரணம் இதுதான்.

மருத்துவமனையில் அவனைக் கிடத்தியது நீல விளக்கின் கீழ் என்பதுதான் வேடிக்கை. பிலிரூபின் விழுங்கும் அந்த நீல ஒளியே அதனை உடல் எளிதில் வெளியேற்றும் வடிவமாக மாற்றிவிடுகிறது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குழந்தைகளைத் திறந்த வெளிக்குக் கொண்டு சென்ற செவிலியர் ஒருவர், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறியிருப்பதைக் கண்டு சொன்னார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வு 1958-இல் வெளியாயிற்று. அதற்காக வீட்டு வெயிலில் பிள்ளையைக் கிடத்தி வைத்தியம் பார்த்துவிடலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் பாட்டி அப்படித்தான் வாதிட்டார்.

இரண்டு நாளில் பிள்ளை தேறி வீடு திரும்புமுன் நான் திரைகளைக் கழற்றிவிட்டேன். இனி என்ன நிறம்? எந்த நிறத்தின் பக்கமும் சாயாதவற்றை நடுநிலை வண்ணங்கள் என்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகியவையே அவை. கடைக்காரர்கள் தந்தம், மணல், சந்தனம் ஆகியவற்றையும் இந்த வரிசையில் வைக்கிறார்கள். சந்தனம் பார்வைக்கு இனிமைதான். ஆனால் அதுவும் சாயம் போன மஞ்சளே என்பது என் கருத்து.

நடுநிலை வண்ணமும் அக்கம்பக்கத்தைப் பொறுத்து மாறித் தோன்றும். பாரிசில் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராயிருந்த செவ்ரூல் என்ற வேதியியலறிஞரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று முறையிட்டார்களாம். சாயத்தில் குறையில்லை, அதன் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்கின்றன என்று அவர் கண்டார். அதனை விரித்து 1839-இல் நூலாகவே எழுதினார். எங்கள் கூடத்துச் சுவர் வெளிர்பச்சை. கடையில் சாம்பலாயிருந்த துணி அதன் அருகே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது! எனவே முழுத்துணி வாங்குமுன் ஒரு முழம் வாங்கி வந்து, சுவரோரம் தொங்கவிட்டுக் காலையிலும் நண்பகலிலும் விளக்கு வைத்த பின்னும் பார்ப்பது நல்லது.

முடிவில் நாங்கள் எடுத்தது சாதாரணக் காடாத் துணி. முதலில் அதில் வைக்கோல் நிறச் சாயல் இருந்தது. அம்மா சோடா உப்புப் போட்டு வேகவைத்து, அலசி, இரண்டு மூன்று வெயில் காயவைத்த பிறகு நன்கு வெளுத்தது. தைக்குமுன் இப்படி நனைப்பது இன்றியமையாதது. கஞ்சிப் பசை நீங்கித் துணி சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் திரை சன்னலின் பாதியில் நிற்கும். அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. சன்னலைப் போல இருமடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும். எங்கள் சன்னல் மூன்றரை அடி. 45 அங்குலப் பன்னாவில் இரண்டு பாகம் சரியாயிருந்தது. மேற்கு வெயிலுக்காக, கெட்டியான சாம்பல் துணியில் தனித்திரை ஒன்றும் உண்டு. பிற்பகலில் இழுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஒதுக்கிவிடுகிறோம்.

கூடம் வெளிறிப் போய்விடுமோ என்று அஞ்சினேன். அவ்வாறு ஆகவில்லை. இதுவரை கண்ணில் படாதிருந்த பவானி சமுக்காளத்தின் பட்டைகள் எடுப்பாகத் தெரிகின்றன. மாலையில் சுவர்ப்பச்சைகூட மென்மையாகிறது. இரவில் மட்டும் கவனம் வேண்டும். மஞ்சள் ஒளி தரும் பல்பு எரிந்தால் வெள்ளைத் திரையால் பயனில்லை. குழந்தையையோ நோயாளியையோ பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி.

அந்தச் செவ்வந்தித் துணியை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. தையல் இயந்திரத்திற்கு உறையாக்கிவிட்டார். தவழத் தொடங்கியிருக்கும் என் அக்காள் மகன் இப்போது அதைத்தான் பிடித்திழுத்து எழுந்து நிற்கப் பார்க்கிறான்.