வீடும் கோவிலும்: ஈழத்து வட பகுதிக் கத்தோலிக்கரிடையே குடும்ப விசுவாச மரபு

சமயப் பயிற்சி கோவிலில் தொடங்கி வீட்டிற்கு வருவது என்பதே பொதுவான எண்ணம். குருவானவர் போதிப்பார், பெற்றோர் அதனை வீட்டில் நினைவூட்டுவர், பிள்ளைகள் பின்பற்றுவர். இவ்வாறு இத்தொடர்பு பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே விளக்கப்படுகிறது. ஆனால் ஈழத்தின் வட பகுதித் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றை நோக்குமிடத்து, இதற்கு நேர்மாறான நிலைமை நீண்ட காலம் நிலவியமை தெரியவருகின்றது. கோவில் இல்லாத காலத்தில் அங்கு வீடே கோவிலாயிற்று. பின்னர் எழுந்த கோவிலும் வீடு காத்துவைத்த விசுவாசத்தின் மீதே எழுந்தது. இவ்வரலாற்றின் துணைகொண்டு, குடும்பமாகச் சமய நம்பிக்கையைப் பேணுதல் என்பதன் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தர் காலச் சோதனை

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தமது நேரடி ஆட்சிக்குட் கொண்டுவந்த போர்த்துக்கேயர், அரச ஆதரவுடன் கத்தோலிக்க சமயத்தைப் பரப்பினர். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளித்தல் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கோவில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளிலே பதியப்பட்டன. பதிவில்லாதவரின் திருமணமும் முதுசவுரிமையும் கேள்விக்குள்ளாகும் நிலை தோன்றியது. எனவே ஒல்லாந்தர் கோவிலிலே பெயரைப் பதிந்துகொண்டு, வீட்டினுள்ளே செபமாலை சொல்லும் இரட்டை வாழ்வு பல குடும்பங்களுக்கு உரியதாயிற்று.

போர்த்துக்கேயர் காலக் கிறிஸ்தவத்தை மேலிருந்து புகுத்தப்பட்ட ஒன்றாகக் கொள்வோர் உளர். அக்கருத்தில் உண்மையும் உண்டு. எனினும், அரச ஆதரவு நீங்கித் தண்டனை வந்து சேர்ந்த பின்னும் அச்சமயம் மறையாதிருந்தமைக்கு அவர்கள் விளக்கங் கூறுதல் வேண்டும். ஆட்சியாளர் தந்ததை மக்கள் இடைக்காலத்தில் தமதாக்கிக் கொண்டனர் என்பதே பொருத்தமான விளக்கமாகும். அவ்வாறு தமதாக்கிய இடம் வீடு.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். நிலையாகத் தங்கிப் பணிபுரியும் குருமாரின்றி அப்போது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏழைப் பரதேசியின் கோலத்தில், கழுத்திலே செபமாலை அணிந்து, அவர் வீடு வீடாகச் சென்றார் என்றும், அம்மாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்கண்டார் என்றும் அவரது வரலாறு கூறும். அவர் தங்கியிருந்து பணியாற்றிய ஊர் சில்லாலை. குருவானவர் விசுவாசத்தைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. வீடுகளில் இருந்ததைத் தேடிக் கண்டார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. பின்னர் அவரும் அவரைத் தொடர்ந்து வந்த கோவைக் குருமாரும் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் முதலிய பொதுநிலையினரிடம் செபத்தை நடத்தும் பொறுப்பை ஒப்படைத்தனர். குரு ஆண்டில் ஒருமுறை வரினும் செபம் நாள்தோறும் நடைபெற வேண்டுமல்லவா?

வீட்டுச் செபத்தின் இயல்பு

இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் வீட்டுச் செபத்திற்கு எவ்வாறு வந்தது? செபமாலைக்கு நூல் வேண்டியதில்லை, எழுத்தறிவு வேண்டியதில்லை, குருவும் வேண்டியதில்லை. ஒருவர் மந்திரத்தின் முற்பாதியைச் சொல்ல, ஏனையோர் பிற்பாதியைச் சொல்வர். ஒவ்வொரு பத்து மணியையும் வெவ்வேறொருவர் தொடங்கலாம். தாய் தொடங்கிய செபத்திற்குத் தந்தை மறுமொழி கூறுவார். ஏழு வயதுப் பிள்ளை தொடங்கும்போது பேத்தியார் மறுமொழி கூறுவார். ஏனைய வேளைகளில் வீட்டில் நிலவும் மூத்தோர் இளையோர், ஆண் பெண் என்ற வரிசை அந்தச் சில நிமிடங்களிற் தளர்ந்துவிடுகின்றது. கேட்டு அறிவதிலும் சேர்ந்து சொல்வதாலேயே பிள்ளை சமயத்தைப் பெறுகின்றது.

மொழி பற்றிய செய்தியும் நோக்கத்தக்கது. பூசை இலத்தீனில் நடைபெற்ற நூற்றாண்டுகளில், தமிழிலே செபித்த இடம் வீடாகும். 1705இல் இலங்கை வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் யாத்தார். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்துடன் ஓதப்பட்டு வந்தமையால், கிறிஸ்துவின் பாடுகள் தமிழரின் ஒப்பாரி உணர்வோடு இணைந்து மக்கள் நெஞ்சிற் பதிந்தன.

பாடசாலையும் வீடும்

1806இல் ஆங்கிலேய அரசு கத்தோலிக்கருக்கிருந்த தடைகளை நீக்கியது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் யாழ்ப்பாணம் வந்தனர். கோவில்களும் பாடசாலைகளும் பெருகின. இதனால் விளைந்த கல்வி வளர்ச்சி மறுக்கவியலாதது. ஆயினும் ஞானோபதேசத்தை ஆசிரியரிடம் ஒப்படைத்த பெற்றோர், அது தமது கடமையென்பதைச் சிறிது சிறிதாக மறந்தனர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இத்தங்கியிருப்பு வெளிப்பட்டது. பலர் அதனைச் சமயத்திற்கு நேர்ந்த இழப்பாகவே கண்டனர். வேறொரு கோணத்தில் நோக்கின், விசுவாசத்தைக் கையளிக்கும் பொறுப்பு அதன் பழைய உரிமையாளரான குடும்பத்திடமே திரும்பிவந்தது எனலாம்.

அதே காலப் பகுதியிலே கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. திருச்சபை பற்றி 1964இல் அது வெளியிட்ட கொள்கைத் திரட்டு, குடும்பத்தை இல்லத் திருச்சபை என வருணித்தது. உலகத் திருச்சபைக்கு அது மறந்திருந்த ஒரு சொல்லின் மீட்சி. சில்லாலைக்கும் மன்னாருக்குமோ அது தம் பாட்டன் பூட்டனின் வாழ்வுக்குக் கிடைத்த பெயர்.

எழ வேண்டிய வினாக்கள்

இம்மரபைப் போற்றுவதோடு அமைதல் ஆய்வாளர்க்கு அழகன்று. வீட்டில் செபத்தைக் காத்தவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். எனினும் கோவில் நிருவாகத்தில் அவர்களது குரல் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. வீட்டில் யாவரும் ஒரே பாயிலமர்ந்து செபிக்க, கோவிலிலே சாதி வேறுபாடு இருக்கைகளிலும் திருவிழா உரிமைகளிலும் புகுந்திருந்தது. பிள்ளைகள் இம்முரண்பாட்டைக் கண்டே வளர்ந்தனர். கோவிலிற் கேட்ட சமத்துவத்தை வீட்டிலும், வீட்டிற் பழகிய உறவைக் கோவிலிலும் காணாத பிள்ளைக்கு எத்துணை மறைக்கல்வி அளித்தும் பயன் விளையாது. வீடும் கோவிலும் ஒன்றையொன்று திருத்த வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

இம்மரபின் வலிமை அண்மைக் காலத்திலும் சோதிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டிற் புகலடைந்தன என்பது மடுவின் மரபு வழிச் செய்தி. 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, அதே சுரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஓகஸ்டில் மீண்டது. மக்களும் அவ்வாறே இடம்பெயர்ந்து கொண்டிருந்தனர். அவர்களது கூடாரங்களுக்குக் கோபுரம் இல்லை, செபமாலை இருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டபோதும், 2020இல் கொள்ளைநோயினால் கோவில்கள் மூடப்பட்டபோதும் குடும்பங்கள் மீண்டும் வீட்டு மேடையின் முன் கூடின. தொலைக்காட்சியில் பூசையைப் பார்ப்பது மட்டும் போதாது என்பதையும், சேர்ந்து வாய்திறந்து செபித்த வீடுகளே அக்காலத்தைத் தாங்கின என்பதையும் அவ்வனுபவம் உணர்த்தியது.

முடிவாக ஒன்று கூறலாம். குடும்பமாக விசுவாசத்தைப் பேணுதல் என்பது கோவிலின் போதனையை வீட்டில் மறுஒலிபரப்புச் செய்வதன்று. அது வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், சிறு பிள்ளைக்கும்கூட, தொடங்கும் உரிமையையும் மறுமொழி கூறும் கடமையையும் அளிப்பதாகும். அவ்வுரிமையுடன் வளர்ந்தவரைக் கோவில் வெறும் கேட்போராக இருத்திவைத்தல் இயலாது. நூற்றைம்பது ஆண்டுத் தடையைத் தாண்டிய வீடுகள் நமக்கு விட்டுச்சென்ற முதுசம் இதுவே.