கைதட்டு வாங்கினால் ஜெயித்த மாதிரியா?



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு உறுப்பினர் கேட்டார்: "ஏங்க, 2019-ல கமலா ஹாரிஸ் மேடையில பிரமாதமாப் பேசினாங்கன்னு டிவியில எல்லாரும் சொன்னாங்களே, அப்புறம் ஏன் பாதியிலேயே விலகிட்டாங்க?" நல்ல கேள்வி. கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்துப் பெண். தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். அதனால் பெயர் நமக்குப் பழக்கம். அவர் பேசிய மேடை எப்படிப்பட்டது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

நம்ம ஊரில் தேர்தலில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு ஒரே கட்சியில் பல பேர் நிற்க ஆசைப்படுவார்கள். மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போட்டு அதில் ஒருவரை வேட்பாளர் ஆக்குவார்கள். இந்த ஓட்டுக்கு 'பிரைமரி' என்று பெயர். அது தொடங்கும் முன்பே டிவியில் விவாதம் ஆரம்பித்துவிடும். சண்டை போடுவது எதிர்க்கட்சியோடு இல்லை, சொந்தக் கட்சிக்காரரோடு!

2019 ஜூன் 26, 27 இரண்டு நாள், மியாமி நகரில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம் நடந்தது. மொத்தம் 20 பேர், ஒரு இரவுக்கு 10 பேர். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல 1 நிமிடம்தான்.

இரண்டாம் நாள் கமலா, ஜோ பைடனைப் பார்த்துப் பேசினார். முன்பு அங்கே கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படித்தார்கள். அதை மாற்றத்தான் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. 1970-களில் பைடன் அதை எதிர்த்தவர். "அப்படி தினமும் பஸ்ஸில் போன ஒரு சின்னப் பெண் இருந்தாள், அவள் நான்தான்" என்ற பொருளில் கமலா சொன்னதும் அரங்கமே கைதட்டியது. பைடன் தடுமாறி, "என் நேரம் முடிந்துவிட்டது" என்று தானே நிறுத்திக்கொண்டார். மறுநாள் எல்லோரும் சொன்னது, கமலாதான் ஜெயித்தார் என்று. கருத்துக்கணிப்பிலும் மேலே போனார்.

சரி, பிறகு? "இன்றைக்கும் அந்த பஸ் திட்டத்தை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டுமா?" என்று நிருபர்கள் கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. அந்தந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் யோசிக்கலாம் என்கிற மாதிரி சொன்னார். பைடன் தரப்பு இதைக் குறை சொன்னது. அதே விவாதத்தில் தனியார் மருத்துவக் காப்பீட்டை ஒழிக்கத் தயாரா என்ற கேள்விக்குக் கமலா கை தூக்கினார். மறுநாள் கேள்வியை வேறு மாதிரி புரிந்துகொண்டேன் என்றார். 2019 டிசம்பர் 3-ல், பணம் போதவில்லை என்று போட்டியிலிருந்தே விலகினார். கட்சியின் வேட்பாளர் ஆனது அன்று திணறிய பைடன்தான்!

கமலா சொன்ன வலி பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அது உண்மையான வலி. ஆனால் மனசைத் தொடுவது வேறு, 'வந்தால் என்ன செய்வேன்' என்று சொல்வது வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, அந்தப் பதில் மறுநாளும் மாறாமல் இருந்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கடனை எப்படித் திருப்புவீர்கள் என்று கேட்டால் குடும்பக் கஷ்டத்தை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டால் நம்ம குழுவில் விடுவோமா?

எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதையும் பாருங்கள். அன்று பைடனுக்குச் சுமார் 13 நிமிடம், ஆண்ட்ரூ யாங் என்பவருக்குச் சுமார் 3 நிமிடம். 3 நிமிடக்காரர் சோபிக்கவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

பெண் வேட்பாளர் என்றால் இன்னொரு அளவுகோலும் வந்துவிடுகிறது. 2008 ஜனவரி 5-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில விவாதத்தில் ஹிலாரி கிளிண்டனிடம் ஒரு நிருபர், உங்கள் அனுபவம் சரி, ஆனால் மக்களுக்கு ஒபாமாவைத்தான் அதிகம் பிடிக்கிறதாமே என்று முகத்துக்கு நேரே கேட்டார். "இது மனசைப் புண்படுத்துது" என்று ஹிலாரி சிரித்தபடியே சமாளித்தார். மேடையிலிருந்த ஒபாமா, உங்களையும் ஓரளவு பிடிக்கும் என்கிற மாதிரி சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஓட்டு எண்ணியபோது அந்த மாநிலத்தில் ஜெயித்தது ஹிலாரி.