அடுப்புக்கும் வாசலுக்கும் இடையில்

பெண்களுக்கான மார்க்க வகுப்பொன்று முடிந்து, கேள்விகளுக்காகச் சிறிது நேரம் ஒதுக்கியிருந்தேன். திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மௌலவி, எரியிற அடுப்பு முன்னால இருக்கக்குள்ள தொழலாமா?"

சட்டம் சொல்வது எளிது. நெருப்பை முன்னோக்கித் தொழுவது நெருப்பு வணங்கிகளுக்கு ஒப்பாகிவிடும் என்பதால் இமாம்களில் பலர் அதனை வெறுத்திருக்கிறார்கள். ஆனால் தொழுகை கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில், முன்னால் நெருப்பிருக்க அல்லாஹ்வை மட்டுமே நாடித் தொழுபவரைப் பற்றித் தனியாக ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். "முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தொழுங்கள்; முடியாவிட்டாலும் தொழுகை கூடும்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போக எண்ணினேன்.

"முன் அறையில மஃரிபு நேரத்துக்கு எல்லாரும் இருக்காங்க மௌலவி. குசினியில மட்டும்தான் எனக்கு நிக்க இடம். கிப்லா பக்கம் அடுப்பு" என்றார் அவர்.

அன்று வீடு திரும்பும் வழி நெடுகிலும் என் பதில் எனக்கே போதாமல் இருந்தது. கொழும்பில் வாழைத்தோட்டம், கொம்பனித்தெரு, மாளிகாவத்தைப் பகுதிகளின் ஒழுங்கைகளுக்குள் போய் வந்தவர்களுக்கு அந்த வீடு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு முன் அறை, அதை இரண்டாகப் பிரிக்கும் ஒரு திரைச்சீலை, அதற்கும் பின்னால் குசினி என்று பெயர் பெற்ற ஓர் ஒடுக்கம். ஒருவர் குனிந்தால் மற்றவர் வெளியே போக வேண்டும். 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் இத்தகைய தோட்டங்களிலிருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கும் குசினி பெரிதாகிவிடவில்லை.

இப்படியானவர்களிடம் நாங்கள் பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்து விடுகிறோம். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள்; நல்ல அயலவரையும் வசதியான வாகனத்தையும் அதனோடு சேர்த்துச் சொன்னார்கள். ஆகவே, "எங்கட வீடு காணாது" என்று ஒரு பெண் பெருமூச்சு விடுவதை நன்றி கெட்டதனம் என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.

அதே நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது? அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: நபியவர்கள் இரவில் தொழும்போது தாம் அவர்களுக்கு முன்னால் கால் நீட்டிப் படுத்திருப்பார்களாம். ஸுஜூதுக்கு வரும்போது நபியவர்கள் மெல்லத் தொடுவார்கள். அன்னையவர்கள் காலை மடக்கிக் கொள்வார்கள். நபியவர்கள் நிலைக்கு எழுந்ததும் மீண்டும் நீட்டிக் கொள்வார்கள். அந்நாட்களில் வீடுகளில் விளக்கு இருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் சிறுவராக அவ்வறைகளுக்குள் சென்ற ஹஸன் அல் பஸரி (ரஹ்) அவர்கள், தமது கையாலேயே கூரையைத் தொட முடிந்ததாகக் கூறியிருக்கிறார்கள்.

ஒருவர் தொழ, மற்றவர் கால் மடக்க வேண்டிய அளவு இடம். இந்த ஹதீஸை ஒளூவின் சட்டத்துக்காக எத்தனையோ தடவை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு சிறிய வீட்டில் இருவர் எப்படி ஒருவருக்கொருவர் இடம் விட்டார்கள் என்பதை அதில் நான் கவனித்ததில்லை.

சமையல் விடயத்தில் நான் உஸ்தாதல்ல. வீட்டில் விசாரித்தேன். என் மனைவி சொன்ன முதல் விடயம்: "தரைதான் முதல்ல நிரம்புது, சுவர் சும்மா கிடக்குது." உண்மைதான். எங்கள் உம்மும்மாவின் காலத்தில் கூரையிலிருந்து உறி தொங்கும். பாற்சட்டியும் கறிச்சட்டியும் அதற்குள் இருக்கும்; பூனைக்கும் எட்டாது, காலிலும் தட்டாது. இன்று ஒரு கொழுக்கியும் நூற்கயிறும் போதும், உறி மீண்டும் வந்துவிடும். மூடிகளுக்குச் சுவரில் ஆணி. தாச்சிக்குள் சட்டி, சட்டிக்குள் சிறு சட்டி.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் எடுக்கும் பெரிய சோற்றுப் பானையும் வட்டிலப்பக் கிண்ணங்களும் ஒவ்வொரு வீட்டிலும் ஏன் இடம் பிடிக்க வேண்டும்? ஒழுங்கைக்கு ஒன்று இருந்தால் போதாதா? சூரத்துல் மாஊனில் அல்லாஹ் கண்டிக்கும் 'மாஊன்' என்பதற்கு, மக்கள் தமக்குள் இரவல் கொடுத்து வாங்கும் சட்டி, கோடரி, வாளி போன்றவை என்று இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் விளக்கமளித்திருக்கிறார்கள். சட்டி இரவல் தருவது சின்ன விடயமல்ல.

ஒற்றை அடுப்பில் நான்கு வகை சமைப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறதாம். முதலில் சோறு. இறக்கியதும் மூடியோடு பழைய சாரனில் சுற்றி வைத்தால் நெடுநேரம் சூடு நிற்கும். கடலை, பயறு வகைகளை இரவே ஊறப்போட்டால் அடுப்பு பிடிக்கும் நேரம் பாதியாகும். மைசூர்ப் பருப்புக்கு அந்தத் தேவையுமில்லை. கொதி வந்து சில நிமிடம் கழித்து இறக்கிச் சுற்றி வைத்தால் மீதியைச் சூடே அவித்துவிடும். பால்ச்சொதி கடைசி, பக்கத்தில் நின்று கிளறாவிட்டால் தேங்காய்ப்பால் திரைந்து போகும். சம்பலுக்கு நெருப்பே வேண்டாம்.

ஆனால் வெங்காயம் உரிப்பதும் தேங்காய் திருவுவதும் கீரை ஆய்வதும் குசினிக்குள்தான் நடக்க வேண்டுமென்று எந்தக் கிதாபில் இருக்கிறது? முன் அறையில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தால் பிள்ளைகளும் ஒரு கை கொடுப்பார்கள், வீட்டுக்காரரும் கொடுப்பார். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) சொன்னது புகாரியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை மடித்து அவர் தேநீர் குடிக்கும் இடத்தில் வைத்து விடுங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்ததையும், 2022இல் கேஸ் இல்லாமல் தொடர்மாடிகளில் விறகும் எரிக்க முடியாமல் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவித் தேங்கும். சிறிய வீட்டில் அந்தத் தரையில்தான் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். உயரத்திலுள்ள சிறு யன்னலை நம்பியிருக்க முடியாது. உறங்குமுன் சிலிண்டரின் வாயை மூட வேண்டும். சஹருக்கு எழும்பும்போது மணம் வந்தால் லைட் போடாமல், நெருப்புக்குச்சி தட்டாமல், முதலில் வாசற்கதவைத் திறக்க வேண்டும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்த செய்தி கிடைத்தபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்கும்போது அதை அணைத்து விடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

விருந்தாளிகளின் கதை தனி. முன்னறிவித்தல் இல்லாமல் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஏதாவது செய்யுங்க" என்று குசினிப் பக்கம் குரல் கொடுக்கும் ஆண்கள் ஒரு தடவை அந்த ஒடுக்கத்துக்குள் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

அந்தச் சகோதரியின் கணவர் எங்கள் பள்ளிக்குத் தொழ வருபவர் என்று பின்னர் தெரிந்தது. பெயர் சொல்லாமல் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசினேன். சில வாரங்களுக்குப் பின் அவராகவே வந்து, "மௌலவி, முன் அறையில பாதியைப் பிடிச்சிருந்த செட்டிய வித்துட்டன். ரெண்டு பாய் வாங்கினம். மஃரிபுக்கு அவ இப்ப முன் அறையிலதான் தொழுறா" என்றார். யாரோ வருவார்கள் என்று வருடக்கணக்காகப் போட்டு வைத்திருந்த செட்டியாம்.

மகிழ்ச்சியோடு இதை வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் முன் அறைச் சுவரை முழுதாக அடைத்து நிற்கும் என் கிதாபு அலுமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அது பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.