காற்றுக்கு ஒரு காத்தாடி, மழைக்கு ஒரு கப்பல்

குழந்தைகளோடு செய்யக் காகிதக் கைவேலை என்று செல்போனில் தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது பனிப்பூ. வெள்ளைத்தாளை மடித்து, ஓரங்களைக் கத்தரித்து விரிப்பார்களே, அது. அடுத்து, சிவந்து உதிரும் மேப்பிள் இலை. அதற்கடுத்து ஈஸ்டர் முயல். பங்குனி வெயிலில் சேலம் பக்கத்து ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் செருப்புக்குள் கால் வேகிறது, வீட்டுக்குள்ளே யு.கே.ஜி. பிள்ளை பனிப்பூ வெட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒட்டுகிறோம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். மறுநாள் ஃபேன் காற்றில் கழன்று கட்டிலுக்கடியில் போய்விட்டால், பிள்ளைகூட அதைத் தேடுவதில்லை.

தேடாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பனிப்பூவை வைத்து அது என்ன செய்யும்? எங்கள் பக்கத்துப் பருவங்களுக்கென்று காகிதத்தில் பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆடிக் காற்றுக்குக் காத்தாடி, ஆவணிக்குப் பிள்ளையார் குடை, ஐப்பசி மழைக்குக் கப்பல், தைக்கு மாட்டுக்கொம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு: சுற்ற வேண்டும், நிழல் தர வேண்டும், மிதக்க வேண்டும், முட்ட வேண்டும். செய்தது சரியா தப்பா என்று அம்மா சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றும் தண்ணீரும் சொல்லிவிடும். கப்பல் கவிழ்ந்தால் பிள்ளை அழாது, இன்னொரு தாள் கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் காகித வேலை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

காசு கொடுத்து 'கிராஃப்ட் கிட்' வாங்க வேண்டாம். முழுப் பரீட்சை முடிந்ததும் நோட்டுகளில் எழுதாத பக்கம் மிஞ்சும். நாள்காட்டியில் தினம் ஒரு தாள் கிழிகிறது. சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள், தை பிறப்பதற்குள் கடைக்காரர்கள் ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள், ஆகவே ஒரு வீட்டில் மூன்று நான்கு சேர்ந்துவிடும். வருஷம் முடிந்ததும் மிஞ்சும் காலண்டர் அட்டை கைவேலைக்குத் தங்கம். பழைய செய்தித்தாள் இருக்கவே இருக்கிறது. இந்தக் காகிதமும் எங்கிருந்தோ வந்ததல்ல என்று பிள்ளைக்குச் சொல்லலாம். காவிரிக் கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் புகளூர், அங்கே டி.என்.பி.எல். ஆலை இருக்கும் இடத்துக்குப் பெயரே காகிதபுரம். சாறு பிழிந்த கரும்புச் சக்கையில்தான் அங்கே பெரும்பாலும் காகிதம் செய்கிறார்கள். பொங்கலுக்குக் கடித்துத் துப்பும் சக்கை நோட்டுப் புத்தகமாகிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் முதலில் நம்புவதில்லை.

குச்சிக்கிழங்குப் பசை

பசையைக் கடையில் வாங்குவது எங்கள் பக்கத்தில் கொஞ்சம் அநியாயம். சேலம், நாமக்கல் சமவெளி முழுக்கக் குச்சிக்கிழங்குக் காடு. ஊர்ப்பக்கம் குச்சிக்கிழங்கு, புத்தகத்தில் மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இந்த மாவு துணி ஆலைக்கும் காகித ஆலைக்கும் பசைத் தொழிலுக்கும் போகிறது. நம் வீட்டு அடுப்படிக்கு மட்டும் பாயசமாகவே வந்து நின்றுவிட்டது.

ஒரு மேசைக்கரண்டி கிழங்கு மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒன்றும் நடக்காது போலத் தோன்றும். சூடு அறுபது, எழுபது டிகிரியைத் தொட்டதும் சட்டென்று கரண்டி கனக்கும், வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி உடையும் நேரம் அது. உடனே இறக்கிவிடுங்கள். மாவு கிடைக்காவிட்டால் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஊறவைத்து வேகவைத்து மசித்தாலும் ஆயிற்று. காட்டன் சேலைக்குக் கஞ்சி போடுகிறவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. அடுப்பு வேலை பெரியவர்களுடையது, ஆறிய பிறகு கிண்ணம் பிள்ளைகளுடையது. பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம்; விரலை வாயில் வைக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த யோசனையே வேண்டாம். இரண்டு நாளில் புளித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

ஆடி

ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல் பக்கத்தில் தேங்காய் சுடும் நோம்பி. வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் அடைத்த தேங்காயை அழிஞ்சில் குச்சியில் செருகி, தெருவில் நெருப்பு மூட்டிச் சுடுவார்கள். அன்றைக்குப் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தாலே காற்றின் திசை தெரிந்துவிடும். அடுத்த நாளே காத்தாடி செய்ய உட்கார்ந்துவிடலாம்.

ஒரு ஜாண் சதுரத் தாள். மூலைக்கு மூலை இரண்டு முறை மடித்து விரித்தால் குறுக்கே இரண்டு கோடு விழும். நான்கு மூலையிலிருந்தும் கோட்டின் மேலேயே நடுவை நோக்கிக் கத்தரியுங்கள். நடுவுக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். இப்போது எட்டு முனை இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கு முனையை நடுவுக்கு வளைத்துக் கொண்டுவந்து குண்டூசியால் குத்துங்கள். மடிப்பு அழுந்தக் கூடாது, வளைவு வளைவாகவே நிற்க வேண்டும், காற்று புகுவது அங்கேதான். ஊசியில் ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்து, அதற்குப் பிறகு கைப்பிடியில் செருகவும். கைப்பிடிக்குச் சோளத்தட்டையை விடச் சிறந்தது கிடையாது. உள்ளே நெட்டி மெத்தென்று இருப்பதால் ஊசி சுலபமாக இறங்கும், கூர்முனையும் உள்ளேயே புதைந்துவிடும். மணியை மறந்தால் தாள் தட்டையில் உரசி நின்றுவிடும். பனையோலைக் காலத்துப் பிள்ளைகள் ஊசிக்குப் பதில் கருவேல முள் வைத்திருந்தார்கள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளையிடம் கத்தரியைக் கொடுக்க வேண்டாம். அதற்குக் கிழிக்கும் வேலை கொடுங்கள். செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படிவதால் வரும் வித்தியாசம் அது. இதை அந்தப் பிள்ளை தன் விரலாலேயே கண்டுபிடிக்கும். அப்படிக் கிழித்த பட்டைகள்தான் அண்ணனின் பட்டத்துக்கு வால்.

பட்டத்துக்கு இரண்டு ஜாண் சதுரச் செய்தித்தாளும் விளக்குமாற்றிலிருந்து உருவிய இரண்டு ஈர்க்கும் போதும். ஒரு ஈர்க்கு மூலைக்கு மூலை நேராக, மற்றொன்று வில்லாக வளைத்துக் குறுக்கே. முனைகளைத் தாள்துண்டு வைத்து ஒட்டி, பசை காயும் வரை பொறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். குச்சிகள் சேரும் இடத்தில் ஒரு முடிச்சு, முதுகுக் குச்சியின் கீழ்ப்பாகத்தில் ஒரு முடிச்சு, இரண்டையும் இணைக்கும் தொய்வான நூல்தான் சூத்திரம். பட்டம் கரணம் போட்டுக் கீழே வந்தால் பெரும்பாலும் குற்றம் வாலில்தான்.

"ஏன் ஆயா இது சுத்திச் சுத்தி உழுவுது?"

"வாலு பத்தல கண்ணு. இன்னொரு முழம் ஒட்டு."

நூல் சாதாரணப் பருத்தி நூலாக இருக்கட்டும். நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. கண்ணாடித்தூள் தடவிய நூல் கழுத்தை அறுத்த கதைகள் சென்னையில் எத்தனையோ. ஓமலூரில் இன்னும் இரண்டு கவலை உண்டு. ஊரை ஒட்டி ஓடும் பெங்களூர் ரோடு ஒன்று, கமலாபுரம் விமான நிலையம் இன்னொன்று. 2023 அக்டோபரில் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கிய பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டமே விட வேண்டாம் என்பேன். அங்குள்ள பிள்ளைகள் மாடியில் நின்று நிஜ விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கூடத்தில் காகித ஏரோப்ளேன் விடட்டும். பட்டத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்குப் போக வேண்டும். தைப்பொங்கலன்று கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவில் ஆளை விடப் பெரிய பட்டங்கள் ஏறும். அவர்களுக்கு அது தை மாதத்து வாடைக்காற்று. நமக்கு ஆடி.

பிள்ளையார் குடை

சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரோடு குடையும் விற்கிறார்கள். இப்போதெல்லாம் அதில் பாதிக்கு மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் ஜிகினா. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய நெறிமுறைகளில் சொல்லிவிட்டது. சிலையைக் களிமண்ணில் தேடி வாங்கிவிட்டு, குடையில் கோட்டை விடுகிறோம்.

ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வண்ணத்தாளில் வட்டம் போடுங்கள். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே ஒரு வெட்டு. வெட்டிய இரண்டு ஓரத்தையும் மூன்று விரல் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் தட்டையான தாள் குடையாக எழுந்துகொள்ளும். பிள்ளைகள் வாய் பிளக்கும் இடம் இது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் குடை கூர்மையாகும், இறக்கினால் படர்ந்து நிற்கும். ஒட்டும் முன்னால் ஏற்றி இறக்கி விளையாடவிடுங்கள். பிறகு நீளப் பட்டையை நாலாக மடித்துச் சீப்புப் போல வெட்டி விளிம்பைச் சுற்றி ஒட்டினால் குஞ்சம். நாலைந்து ஈர்க்கைச் சேர்த்துக் காகிதம் சுற்றினால் காம்பு. உச்சியில் உருட்டிய காகிதக் குமிழ். காம்பைப் பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் ஈரக் களிமண்ணில் ஊன்ற வேண்டும். குடை பெரிதாகிவிட்டால் சாய்கிறது. பிள்ளையாரோடு அளந்து பார்த்துச் செய்யும் புத்தி இரண்டாவது குடையில் வந்துவிடும். கரைக்கும்போது குடையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாயம் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மழையும் தீபாவளியும்

கப்பல் மடிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளை இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன், இருக்கிறார்கள். சாதாரணக் கப்பல் செவ்வகத் தாளில் வரும், கத்திக்கப்பலுக்குச் சதுரம் வேண்டும். செவ்வகத்தின் ஒரு மூலையைக் குறுக்கே மடித்து மிச்சத்தைக் கிழித்தால் ஸ்கேல் இல்லாமலே சதுரம் கிடைத்துவிடும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மழலையர் கல்வியைத் தொடங்கிவைத்த ஜெர்மானியர் ஃபிரோபெலின் முறையில் காகித மடிப்பும் உண்டு. அதைப் பார்த்து, நம் சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த டி. சுந்தர ராவ், காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1893இல் சென்னையில் வெளிவந்த அந்தப் புத்தகம் 1901இல் அமெரிக்காவிலும் பதிப்பானது. அதுவும் சதுரத்தில்தான் தொடங்குகிறது.

மழை விட்டதும் வாசல் தண்ணீரில் பந்தயம் வையுங்கள். செய்தித்தாள் கப்பல் முதலில் தொப்பலாகி மூழ்கும், நோட்டுத்தாள் கப்பல் தாக்குப்பிடிக்கும். பேனா மை பரவாமல் இருக்க நோட்டுத்தாளை ஆலையில் பதப்படுத்துகிறார்கள், செய்தித்தாளுக்கு அது அநேகமாகக் கிடையாது. அடிப்பாகத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் செய்தித்தாளும் ஜெயிக்கும்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் பட்டாசு. மிச்ச நேரத்துக்குப் பேப்பர் வெடி. முழுச் செய்தித்தாளை நீளவாக்கில் நடுவே மடித்து விரித்து, நான்கு மூலையையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நடுக்கோட்டிலேயே திரும்ப மடித்து, பிறகு இரண்டு முனையையும் நடுவில் சேரும்படி கீழ்நோக்கி மடித்து, பின்பக்கமாக இரண்டாக மடித்தால் முக்கோணம். தொங்கும் முனைகளைப் பிடித்துக் கையை ஓங்கி உதறினால் உள்மடிப்பு விரிந்து 'டப்'பென்று சத்தம் வரும். மடிப்பை அழுத்தித் தேய்த்திருந்தால்தான் வெடிக்கும். ஒரு வெடி ஏழெட்டு முறை தாங்கும், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிடுவார்.

தையும் கோடையும்

பொங்கலுக்கு முந்தின காப்புக்கட்டுக்குக் காகிதமே வேண்டாம். வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் நிஜமாகவே கிடைக்கும்போது காகிதப் பூ எதற்கு? மாட்டுப் பொங்கலுக்குத்தான் வேலை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எருதாட்டம் நடக்கும் நாள்களில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் விட முடியாது. வீட்டிலேயே எருது ஆகட்டும். இரண்டு செய்தித்தாளை மூலையிலிருந்து கூம்பாகச் சுருட்டி, நுனியை முறுக்கி, மெதுவாக வளைத்துக்கொண்டே பசையில் தோய்த்த பட்டைகளைச் சுற்ற வேண்டும். ஒருநாள் வெயில் போதும், கல் மாதிரி இறுகிவிடும். மாட்டுக்குக் கொம்பு தீட்டிய வண்ணத்தில் மிச்சம் இருந்தால் பூசலாம். காலண்டர் அட்டையில் தலைக்கு அளவெடுத்து ஒரு பட்டம் கட்டி, இரண்டு பக்கமும் கொம்பைத் தைத்துவிடுங்கள். ஒட்டினால் நிற்காது, கோணி ஊசியால் தைக்க வேண்டும். அது அப்பாவின் வேலை.

சித்திரை, வைகாசியில் மாரியம்மன் நோம்பிக்குத் தெருவெல்லாம் தோரணம். வீட்டு வாசலுக்கு ஒரு தோரணம் கட்டக் காலண்டர் தாளே போதும். கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தால் குறுக்கே மடித்து முக்கோணமாக்கி, பசை தடவிய நூலில் வரிசையாகத் தொங்கவிடலாம். பிள்ளை எண்ணத் தொடங்கியிருந்தால் தேதி வரிசையில் ஒட்டச் சொல்லுங்கள். நடுவில் காணாமல் போன தேதிகள் கப்பலாகப் போனவை. கரண்ட் போனால் காலண்டர் அட்டையில் கைப்பிடி வைத்த விசிறி. மடிப்பு விசிறி பார்க்க அழகு, காற்று வராது.