புகையிலை காட்டிக்கொடுத்த நரம்புப் பாதை

கொக்குவில் வாசகி ஒருவர் தன் அம்மப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். கொட்டிலில் இருந்து நாள் முழுக்கச் சுருட்டுச் சுற்றினாலும் அவருக்கு ஒன்றும் செய்யாதாம். விடியப்புறம் பனி ஈரத்தோடு தோட்டத்தில் புகையிலை முறித்தால் மட்டும் தலைச்சுற்று, ஓங்காளம், சத்தி. காரணம் என்ன என்று கேட்கிறார்.

இலையின் நிக்கோட்டின் ஈரத்தில் கரைந்து தோல் வழியே இரத்தத்தில் கலப்பதுதான் காரணம். பச்சைப் புகையிலை நோய் என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர். ஆனால் கையில் பட்ட நஞ்சு குடலையும் இதயத்தையும் ஏன் குழப்புகிறது?

இந்தக் கேள்விக்கான விடையைத் தேடித் தந்ததும் நிக்கோட்டின்தான். 1889இல் கேம்பிரிட்ஜில் லாங்லியும் டிக்கின்சனும் விலங்குகளின் நரம்புத் திரட்டுகள்மீது நிக்கோட்டின் கரைசலைத் தூரிகையால் பூசினார்கள். பூசியபின் திரட்டுக்கு முன்னுள்ள நரம்பைத் தூண்டினால் உறுப்பு அசையவில்லை. பின்னுள்ளதைத் தூண்டினால் அசைந்தது. ஆக, அந்த நரம்பு அங்கே முடிந்து, இன்னொன்று தொடங்குகிறது. நில்லாமல் கடந்துபோகும் நரம்புகளை நிக்கோட்டின் ஒன்றும் செய்யவில்லை. மாகோச் சந்தியில் மேடையைப் பூட்டினால் மட்டக்களப்புக்கு ரயில் மாறுகிறவர்கள்தானே தவிப்பார்கள், கொழும்பிலிருந்து நேரே கொக்குவிலுக்கு வருகிறவர்களுக்கு என்ன! திரட்டு திரட்டாக இப்படிப் பூசிப் பார்த்தே உள்ளுறுப்புகளின் நரம்பு வழிகள் கண்டறியப்பட்டன. தன்னாட்சி நரம்புத் தொகுதி என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலப் பெயரை 1898இல் சூட்டியவரும் லாங்லியே.

அந்தச் சந்தியில் செய்தியைக் கடத்துவது அசற்றைல்கோலின் என்னும் இரசாயனம். நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்பதை 1921இல் தவளை இதயங்களைக் கொண்டு ஒட்டோ லோவி காட்டினார். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார். இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளுக்கும் அதை அடக்கும் பரபரிவு நரம்புகளுக்கும் திரட்டில் தூது ஒன்றே. அசற்றைல்கோலினுக்குரிய அதே வாங்கியில் நிக்கோட்டினும் போய் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தூண்டும், அளவு மிஞ்சினால் முடக்கும். இரு தரப்பு நரம்புகளும் ஒருசேரக் கிளம்புவதால்தான் நெஞ்சு படபடக்க, வயிறு புரட்ட, எச்சில் ஊற, உடம்பு வியர்க்கிறது.

இவ்வளவு தெரிந்த பின்பும் வெறுங்கையோடு பிள்ளைகளைப் புகையிலைத் தோட்டத்தில் இறக்குவது பெருந்தவறு. புகையிலையை ஊறவைத்த தண்ணீரை ‘இயற்கை மருந்து’ என்று நம்பிக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடிப்பதும் அப்படியே. பூச்சியைக் கொல்வதும் அதன் நரம்பில் உள்ள இதே வகை வாங்கியைப் பிடித்துத்தான்.

பனி காய்ந்தபின் இலை முறியுங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆடியபாதம் வீதி மருத்துவ பீடத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் ஒரு காலை நேரம் தோட்டங்களுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.