கரையில் நின்றுவிட்ட கப்பல் எஞ்சின்

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்கை நோக்கிப் பிரயாணமான 'ஸெலாண்டியா' என்னும் சரக்குக் கப்பலுக்குப் புகைபோக்கியே கிடையாது. நிலக்கரியை வாரிப் போடும் ஆட்கூட்டமின்றி ஒரு பெரிய கப்பல் மகா சமுத்திரங்களைக் கடக்கக்கூடும் என்பதை மெய்ப்பித்த அக்கப்பலையும், ஒவ்வொன்றும் 1,250 குதிரைசக்தி கொண்ட அதன் இரு டீசல் எஞ்சின்களையும் நிர்மாணித்தது அந்நகரத்துப் பர்மைஸ்டர் அண்ட் வைன் தொழிற்சாலை.

1843-இல் பௌம்கார்டன் என்பவர் தொடங்கிய சிறு யந்திரப் பட்டறை, 1846-இல் பர்மைஸ்டரும் 1865-இல் வைன் என்னும் ஆங்கிலேயரும் வந்து சேர, நீராவி எஞ்சின்களாலும் கப்பல்களாலும் கீர்த்தி பெற்றது. எனினும், ருடால்ப் டீசலின் புது எஞ்சின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிய மறு ஆண்டிலேயே, அதாவது 1898-இலேயே, அதைச் செய்யும் உரிமையை விலை கொடுத்து வாங்கிய தீர்க்கதரிசனந்தான் அதன் பிற்காலப் பெருமைக்கு அஸ்திவாரம்.

டீசல் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி வேண்டியதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு சூடேறுவதைப் போலவே, சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுக்கும் காற்றும் சூடேறுகிறது. அவ்வெப்பம் ஐந்நூறு டிகிரியையும் தாண்டிய நிலையில் எண்ணெயைத் தூவ, அது தானே பற்றியெரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இத்தொழிற்சாலை நிபுணர்கள், பிஸ்டனின் மேற்புறத்தில் மட்டுமன்றிக் கீழ்ப்புறத்திலும் எண்ணெயை எரித்து, ஒரே சிலிண்டரிலிருந்து ஏறக்குறைய இருமடங்கு சக்தியைப் பெற முனைந்தார்கள். பிஸ்டன் தண்டு நுழைந்து செல்லும் கீழ்மூடியில், தண்டு தடையின்றி ஓடவும் வேண்டும், உள்ளே கொதிக்கும் வாயு கசியாதிருக்கவும் வேண்டும். அவர்களுடைய சாமர்த்தியமெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் சோதனைக்குள்ளாயிற்று.

அம்முறையில் 1932-இல் கோபன்ஹேகனின் எர்ஸ்டெட் மின்நிலையத்துக்காகச் செய்த எட்டு சிலிண்டர் எஞ்சின், 22,500 குதிரைசக்தியுடன், முப்பது ஆண்டுக் காலம் உலகிலேயே மிகப் பெரிய டீசல் எஞ்சினாக விளங்கிற்று.

ஸெலாண்டியா 1942-இல் ஜப்பான் கரையருகே மூழ்கியது. 1980-இல் பர்மைஸ்டர் அண்ட் வைனின் எஞ்சின் தொழில், டீசலின் முதல் எஞ்சினைச் செய்த ஆக்ஸ்பர்க் ஆலையின் வாரிசான 'மான்' கம்பெனியின் வசமாயிற்று. கப்பல் எஞ்சின்களின் ஆயுள் கப்பலின் ஆயுளோடு முடிவது. கப்பலை உடைக்கையில் அவையும் பழைய இரும்பாகிவிடும். கடலுக்குப் போகாமல் மின்நிலையத்தில் தங்கிய காரணத்தாலேயே அப்பேரெஞ்சின் பிழைத்து, இன்று பொருட்காட்சிசாலையில், குறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிக் காட்டப்படுகிறது. தொழிற்சாலை போனபின்னும் தொழில் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், அது ஓடும்போது பார்ப்பதே உத்தமம்.